தனேஸ்வரன் சாரின் தடை ஓட்டம்

வீட்டு வாசலில் காடி நிறுத்தும் இடத்தில் ஒரு சிவப்பு பிளாஸ்டிக் ஸ்டூலை வைத்துவிட்டு, அதைத் தாண்டுவதற்காக மூன்றாவது முறையாக ஓடி வந்தார் தனேஸ்வரன். முதல் முறை கிட்டே வந்ததும் நின்றுவிட்டார். இரண்டாவது முறை சுற்றிக்கொண்டு போய்விட்டார். மூன்றாவது முறை வலது கால் தாண்டியது. இடது கால் தாண்டவில்லை. கொடியில் காய்ந்த கைலியைப் பிடித்துக்கொண்டு மெல்லத் தரையில் உட்கார்ந்தார்.

"ஸ்டூல் ஒடஞ்சிருச்சா?" என்று உள்ளேயிருந்து கேட்டாள் மனைவி கிருஷாந்தி.

"ஸ்டூலுக்கு ஒண்ணும் இல்ல."

அவள் வெளியே வந்து பார்த்தாள். அவரையும் பார்த்தாள், கைலியையும் பார்த்தாள்.

"பேசாம ஸ்கூல் பெங்கெத்துவாகிட்ட உண்மையச் சொல்லிருங்க. மூட்டு போயி ஆறு வருஷமாச்சு, குதிக்கக் கூடாதுன்னு டாக்டரு சொல்லியிருக்காருன்னு."

"சொன்னா என்ன ஆவும் தெரியுமா? திடலப் புடுங்கிட்டு, நன்னெறிப் பாடம் எடுன்னு கைல புத்தகத்தக் குடுத்துருவாங்க."

தனேஸ்வரனுக்கு ஐம்பத்திரண்டு வயது. ஈப்போவில் ஓர் இடைநிலைப் பள்ளியில் இருபத்தாறு வருடமாக உடற்கல்வி ஆசிரியர். பள்ளி இறுதி எஸ்.பி.எம். தேர்வுக்கு விளையாட்டு அறிவியல் பாடம் எடுப்பவரும் அவர்தான். இத்தனை வருடமும் அந்தப் பாடம் சாதுவாக இருந்தது. எண்பது மார்க் எழுத்துக்கு, இருபது மார்க் செய்முறைக்கு. அந்த இருபதைத் திடலோரம் நாற்காலி போட்டு உட்கார்ந்து, விசிலை ஊதியே போட்டுவிடுவார்.

இந்த வருடம் அதை மாற்றிவிட்டார்கள். ஆசிரியர்களின் வாட்ஸ்அப் குழுவில் செய்தி வந்த நாளிலிருந்து அவருக்குச் சோறு இறங்கவில்லை. செய்முறைக்கு இனி நாற்பது மார்க். அது பரவாயில்லை. அந்த மார்க்கைப் போடும் ஆசிரியர் முதலில் தாமே தடை ஓட்டம் ஓடி, ஐந்து தடையைத் தாண்டி, ஒரே வீடியோவாக எடுத்துப் பதினைந்தாம் தேதிக்குள் அனுப்ப வேண்டுமாம். பார்த்துவிட்டு அங்கீகாரம் தருவார்களாம். அங்கீகாரம் இல்லாத ஆசிரியர் போடும் மார்க் செல்லாதாம்.

ஐந்தாம் படிவத்தில் பதினொரு பிள்ளைகள் அந்தப் பாடம் எடுத்திருந்தார்கள். பத்துப் பேருக்கு எப்படியும் வேறு வழி உண்டு. துளசிக்குத்தான் இல்லை. தஞ்சோங் ரம்புத்தானிலிருந்து இரண்டு பஸ் மாறி வரும் பெண். விளையாட்டுத் துறை டிப்ளோமாவுக்கு அவள் விண்ணப்பம் போட வேண்டுமென்றால் இந்தப் பாடத்தில் 'ஏ' வாங்கியே ஆக வேண்டும்.

"மத்த பாடத்துல எல்லாம் நான் பாஸ் பண்ணுறேன் சார். இதுலதான் நல்லா பண்ணுறேன்" என்று ஒருமுறை சொல்லியிருந்தாள். அந்த வாக்கியம் அவர் காதில் அப்படியே உட்கார்ந்துவிட்டது.

தரையிலிருந்து எப்படி எழுந்திருப்பது என்று அவர் யோசித்துக்கொண்டிருந்தபோது வாசலில் லாரி வந்து நின்றது.

"அண்ணே, கேஸ்."

தோளில் கேஸ் சிலிண்டர் தோங்கோடு உள்ளே வந்தவர் அர்ச்சுனன். தனேஸ்வரன் பிறந்த அதே ரப்பர் தோட்டத்துக்காரர், எட்டு வயது இளையவர். ஒரு காலத்தில் மாநிலத்துக்காகத் தடை ஓட்டம் ஓடியவர். ஒல்லியாக, உயரமாக, எப்போதும் சிரித்த முகமாக இருப்பார். தோட்டம் முதலில் செம்பனையாகி, அப்புறம் வீடமைப்புத் திட்டமாகிப் போன பிறகு, ஈப்போ முழுக்கக் கேஸ் போடுகிறார்.

தோங்கை அடுப்படியில் இறக்கிவிட்டுத் திரும்பி வந்தவரைத் தனேஸ்வரன் கீழேயிருந்து அண்ணாந்து பார்த்தார். நாற்பத்துநாலு வயது. மூச்சு வாங்கவில்லை.

"அர்ச்சுனா, நீ இன்னும் ஓடுவியா?"

"தடையாண்ணே?"

"எப்புடிடா தெரியும்?"

அர்ச்சுனன் ஒரு விநாடி தயங்கினார். "ஸ்டூலப் பார்த்தேன்ல."

தனேஸ்வரன் விஷயத்தைச் சொன்னார். சொல்லச் சொல்ல அவர் குரல் இறங்கிக்கொண்டே போனது. அர்ச்சுனனோ லாரிக் கணக்கைக் கேட்பவர்போலத் தலையாட்டிக்கொண்டே கேட்டார்.

"சனிக்கிழம நான் பாகான் டத்தோ போறேண்ணே. ஞாயித்துக்கிழம காலையில வாரேன். உங்க ட்ராக் சூட்ட கொண்டாந்திருங்க. ஒரு தொப்பி. அப்புறம் ஒரு துண்டு."

"பாகான் டத்தோவுக்கும் நீயா கேஸ் போடுற?"

"இல்லண்ணே. அங்க கொஞ்சம் வேல."

"சரி, துண்டு எதுக்கு?"

அர்ச்சுனன் அவர் வயிற்றை மரியாதையாகப் பார்த்தார். "சும்மா, ஒரு இதுக்குண்ணே."

ஞாயிற்றுக்கிழமை காலை பள்ளித் திடலில் ஆள் நடமாட்டம் இல்லை. ஐந்து தடையையும் தனேஸ்வரன் நொண்டி நொண்டி எடுத்து வைத்தார். அதற்குள் அர்ச்சுனன் முதுகில் 'தனேஸ்வரன்' என்று எழுதிய ட்ராக் சூட்டைப் போட்டு, துண்டைச் சுருட்டி வயிற்றில் கட்டி, தொப்பியை இழுத்துவிட்டு வந்து நின்றார். அவரைப் பார்த்தபோது தனேஸ்வரனுக்குக் கண்ணாடி பார்ப்பதுபோல இருந்தது. கொஞ்சம் வருத்தமாகவும் இருந்தது.

"சைட்லருந்து எடுங்கண்ணே. ஸ்டைல் நல்லா தெரியும். அப்புடித்தான் எல்லாரும்..." என்று சொல்லி அர்ச்சுனன் நிறுத்தினார்.

"எல்லாரும்?"

"எல்லாரும் டிவில காட்டுவாங்கல்ல."

"வேணாம்டா. மூஞ்சி தெரிஞ்சா ரெண்டு பேரும் சேர்ந்து வீட்டுக்குப் போவ வேண்டியதுதான். நான் பின்னாலருந்து எடுக்கிறேன். நீ திரும்பிப் பார்க்காம ஓடு."

அர்ச்சுனன் ஓடினார். தன் பெயர் தன்னைவிட்டு வேகமாகப் போவதைத் தனேஸ்வரன் போன் வழியாகப் பார்த்தார். முதல் தடை, இரண்டாவது தடை, மூன்றாவது தடை. எதிலும் கால் படவில்லை. துண்டு மட்டும் லேசாக ஆடியது. அதுவும் வயிறுபோலவே ஆடியது. ஐந்தாவது தடையைத் தாண்டியபோது தனேஸ்வரன் தன்னை அறியாமல் மூச்சை விட்டார். அந்தச் சத்தமும் வீடியோவில் பதிவாகிவிட்டது.

வீட்டில் கிருஷாந்தி அதைப் பார்த்தாள். "நீங்க இப்புடி ஓடுனா நல்லாத்தான் இருக்கும்" என்று சொல்லிவிட்டுப் போனைத் திருப்பிக் கொடுத்தாள்.

பதினான்காம் தேதி வீடியோவை அனுப்பினார். பதினாறாம் தேதி கெண்டீனில் பசியாறிக்கொண்டிருந்தபோது போன் வந்தது.

"தனேஸ்வரன் சாரா? கல்வி அலுவலகத்துலருந்து மகேந்திரன் பேசுறேன். அந்தத் தடை ஓட்ட வீடியோவெல்லாம் நான்தான் பார்க்கிறேன்."

தனேஸ்வரன் கையிலிருந்த தோசைத் துண்டைத் தட்டில் வைத்தார். "சொல்லுங்க சார்."

"மத்த வீடியோவெல்லாம் ஒரு மாதிரியா இருக்கு. உங்களோடது வேற மாதிரி இருக்கு."

"வேற மாதிரின்னா சார்?"

"நல்ல வேற மாதிரிதான் லா. இருபத்துமூணாம் தேதி தாப்பாவுல நம்ம வட்டாரத்துக்கு ஒரு பயிலரங்கு வெச்சிருக்கேன். இருபத்தேழு ஆசிரியர்களும் வருவாங்க. அவங்க முன்னால நீங்க நேர்ல ஓடிக் காட்டணும். உங்க பெங்கெத்துவாவுக்கும் கடிதம் போட்டுட்டேன்."

தனேஸ்வரன் ஏதோ சொல்ல வாயெடுப்பதற்குள் போன் வைக்கப்பட்டுவிட்டது.

கடிதத்தைப் படித்த தலைமையாசிரியை, பெங்கெத்துவா புவான் ரொஸ்னாவுக்குப் பெருமை தாங்கவில்லை. திங்கட்கிழமை சபைகூடலில் பெரிய திரையைக் கட்டி, எண்ணூறு பிள்ளைகளுக்கு நடுவில் அந்த வீடியோவைப் போட்டுக் காட்டினார். பிள்ளைகள் கைதட்டினார்கள். கணக்கு ஆசிரியர் எழுந்து வந்து தனேஸ்வரனின் கையைக் குலுக்கினார். 'சிலரை நாம் பார்த்ததும் எடைபோட்டுவிடுகிறோம்' என்று புவான் ரொஸ்னா மலாயில் உருக்கமாகப் பேசினார். தனேஸ்வரன் வயிற்றை உள்ளே இழுத்துக்கொண்டு நின்றார்.

சபைகூடல் கலைந்ததும் துளசி ஓடி வந்தாள்.

"சார், அந்த வீடியோவ எனக்கு அனுப்புறீங்களா? நீங்க மொதல்ல தூக்குற கால் இருக்கே, அப்புடியே பழகிக்கிறேன்."

"அது... பழைய ஸ்டைல்மா."

"உங்களாலயே முடியுதுன்னா எங்களாலயும் முடியும்ல சார்."

'உங்களாலயே' என்பதிலிருந்த அந்த ஏகாரம் அவரைக் குத்தியிருக்க வேண்டும். ஆனால் தாம் ஓடாத ஓட்டத்தை அவள் பார்த்துப் பழகப் போகிறாள் என்பது அதைவிட ஆழமாகக் குத்திக்கொண்டிருந்தது.

மறுநாள் தனேஸ்வரன் காலில் கட்டோடு பள்ளிக்கு வந்தார். வழுக்கி விழுந்துவிட்டதாகச் சொன்னார். உண்மையில் கெட்டுப்போன இடது முட்டியில் கட்டுப் போட்டால் வலி உயிர் போனது. அதனால் நல்ல வலது காலில் போட்டிருந்தார். கட்டுப் போட்ட வலது காலைத் தரையில் ஊன்றாமல் நொண்ட வேண்டியிருந்ததால், உடம்பின் மொத்தப் பாரமும் இடது முட்டியில் இறங்கியது. பத்து மணிக்கே அது வீங்க ஆரம்பித்தது. மதியத்துக்குள் கட்டுப் போட்ட காலைவிடக் கட்டுப் போடாத கால் பெரிதாகிவிட்டது.

"எந்தக் கால்ல சார் அடி?" என்று கேட்டார் கணக்கு ஆசிரியர்.

"வலதுல. ஆனா வலி இடதுல வரும்."

கணக்கு ஆசிரியர் அதைக் கொஞ்ச நேரம் யோசித்துவிட்டு, வலிக்குத் தடவும் தைலம் ஒரு புட்டி கொண்டுவந்து கொடுத்தார்.

சாயங்காலம் புவான் ரொஸ்னா அவரைத் தம் அறைக்குக் கூப்பிட்டார். தனேஸ்வரனுக்கு நம்பிக்கை வந்தது. முடியாது என்று அவரே எழுதிப் போட்டுவிடுவார், அத்தோடு தொல்லை விட்டது.

"கவலைப்படாதீங்க சார்" என்றார் புவான் ரொஸ்னா. "நானே மகேந்திரன்கிட்டப் பேசிட்டேன். உங்களுக்காகப் பயிலரங்க முப்பதாம் தேதிக்குத் தள்ளி வெச்சிட்டாங்க. மண்டபம், சாப்பாடு, பஸ் எல்லாத்தையும் மாத்தியாச்சு. நீங்க இல்லாம நடத்தவே முடியாதுன்னு அவர் பிடிவாதமா சொல்லிட்டார்."

தனேஸ்வரன் நன்றி சொன்னார். எழுந்து போகும்போது எந்தக் காலை நொண்டுவது என்று மறந்துபோய் இரண்டையும் நொண்டினார்.

இருபத்தைந்தாம் தேதி கேஸ் லாரியைத் தேடிப் போய், ஒரு சாப்பாட்டுக் கடைக்குப் பக்கத்தில் அர்ச்சுனனைப் பிடித்தார்.

"நீ என்னோட தாப்பாவுக்கு வரணும். என் உதவியாளர்னு சொல்லிக்கிறேன். நான் பேசுறேன், நீ ஓடு. அவ்வளவுதான்."

"தாப்பாவுக்கா?" அர்ச்சுனன் முகத்தில் சிரிப்பு குறைந்தது. அதைத் தனேஸ்வரன் அன்றுதான் முதன்முதலாகப் பார்த்தார். "அங்க யாரெல்லாம் வருவாங்க?"

"எல்லாப் பள்ளி வாத்தியாரும்தான்."

"எல்லாருமாண்ணே? ஒரே எடத்துலயா?"

"ஒரே எடத்துலதான்டா. அதான் பயிலரங்கு."

"அப்ப நான் வரலண்ணே."

"ஏன்டா?"

"கூட்டம்னா எனக்குக் கூச்சம்."

"ஸ்டேடியத்துல ஆயிரம் பேரு முன்னால ஓடுனவன்தானடா நீ?"

"அது வேற கூட்டம்ணே." அர்ச்சுனன் இரண்டு தோங்கைத் தூக்கித் தோளில் வைத்துக்கொண்டார். "வேற எங்க வேணாலும் கூப்பிடுங்க, வாரேன். தாப்பா மட்டும் வேணாம்."

அன்றிலிருந்து தனேஸ்வரன் ஒவ்வொரு நாளையும் கைவிரலில் எண்ணினார். திடல் பக்கம் போகாமல் ஆசிரியர் அறையிலேயே உட்கார்ந்திருந்தார். இருபத்தொன்பதாம் தேதி மதியம் ஒரு மாணவன் வந்து, துளசி விழுந்துவிட்டதாகச் சொன்னான்.

அவர் கட்டை அவிழ்த்து எறிந்துவிட்டுத் திடலுக்குப் போனார். துளசி மூன்றாவது தடைக்குப் பக்கத்தில் உட்கார்ந்து முழங்காலில் ஒட்டிய மண்ணைத் துடைத்துக்கொண்டிருந்தாள். கையில் போன், போனில் அந்த வீடியோ.

"நீங்க தாண்டுற மாதிரியே தாண்டுறேன் சார். வர மாட்டேங்குது."

"அத நிறுத்தி வை" என்றார் தனேஸ்வரன். "அந்த ஆளு உன்னவிட ஒரு அடி ஒசரம். அவர் எடத்துலருந்து நீ தாவுனா தடை மேலதான் விழுவ. ஒரு பாதம் கிட்ட வந்து தாவு. தடையப் பார்க்காத, அதுக்கு அப்புறம் இருக்கிற தரையப் பாரு. தாண்டணும்னு நெனைக்காத. ஓடு. நடுவுல தடை வந்தா அது பாட்டுக்கு வரட்டும்."

துளசி திரும்பிப் போய் ஓடி வந்தாள். முதல் முறை இரண்டு தடை விழுந்தது. நான்காவது முறை ஒன்றும் விழவில்லை. கடைசித் தடையைத் தாண்டிவிட்டு அங்கேயே நின்று தன் கால்களைக் குனிந்து பார்த்தாள். யாருடையதோ என்பதுபோலப் பார்த்தாள்.

"சார், நாளைக்கு நீங்களும் இப்புடித்தான் ஓடப் போறீங்களா?"

தனேஸ்வரன் தடையை நேராக்கி வைத்தார். 'அந்த ஆளு' என்று தன் வாய் சொன்னதை அவள் கவனிக்கவில்லை. அவர் கவனித்துவிட்டார்.

மறுநாள் காலை தாப்பாவுக்குக் காடி ஓட்டிக்கொண்டு போகும்போதே முடிவு செய்துவிட்டார். வேலை போனாலும் போகட்டும். பிள்ளைகளின் மார்க்கை மட்டும் எப்படியாவது கேட்டு வாங்கிவிட வேண்டும். என்ன சொல்ல வேண்டும் என்பதை டோல் வரைக்கும் நான்கு முறை சொல்லிப் பார்த்தார். நான்கு முறையும் நடுவில் குரல் உடைந்தது.

பயிலரங்கு நடந்த திடலில் ஐந்து தடைகள் வெயிலில் பளபளவென்று நின்றன. ஓரத்தில் கூடாரம் போட்டு, இருபத்தாறு ஆசிரியர்கள் ட்ராக் சூட்டில் உட்கார்ந்திருந்தார்கள். யாரும் யாரோடும் பேசவில்லை. ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்கவும் இல்லை. எல்லாரும் தடைகளையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். தனேஸ்வரனைக் கண்டதும் பாகான் டத்தோவிலிருந்து வந்திருந்த ஒரு பருத்த ஆசிரியர் மட்டும் மெதுவாகச் சாய்ந்து கேட்டார்.

"சார், நீங்க ஓடுனதுக்கு அப்புறம் எங்களையும் ஓடச் சொல்லுவாங்களா?"

"தெரியல சார்."

அவர் வியர்வையைத் துடைத்துக்கொண்டு மறுபடி தடைகளைப் பார்க்க ஆரம்பித்தார்.

மகேந்திரன் கூடாரத்துக்கு அப்பால் ஒரு மேசையில் லேப்டாப்போடு தனியாக உட்கார்ந்திருந்தார். நாற்பது வயதுக்காரர். தனேஸ்வரனைப் பார்த்ததும் எழுந்து நின்று கைகொடுத்தார். அந்த மரியாதை தாங்காமல் தனேஸ்வரன் நின்றுகொண்டே சொல்லிவிட்டார்.

"சார், அந்த வீடியோவில ஓடுனது நான் இல்ல."

மகேந்திரன் கையை விடவில்லை.

"என் மூட்டு போயி ஆறு வருஷமாச்சு சார். டாக்டரு கடிதமே இருக்கு. பயந்துகிட்டு எங்க தோட்டத்துப் பையன் ஒருத்தர ஓட வெச்சேன். தப்பு என்னோடது. என்ன நடவடிக்க வேணாலும் எடுங்க. பதினொரு பிள்ளைங்க இருக்காங்க. அதுல ஒரு பொண்ணுக்கு இந்தப் பாடத்த விட்டா வேற ஒண்ணும் இல்ல. அவங்க மார்க்குல மட்டும் கை வெச்சிராதீங்க."

மகேந்திரன் மெதுவாக உட்கார்ந்தார். அவர் முகத்தில் கோபம் இல்லை. கடைசிப் பஸ்ஸும் கண் முன்னால் போய்விட்டவர் முகம் அது.

"ஒல்லியா, உயரமா, சிரிச்ச மூஞ்சியா ஒருத்தரா?" என்று கேட்டார்.

"ஆமா சார்."

"ம்ம்." லேப்டாப்பை மூடினார். "டாக்டர் கடிதம் இருந்தா நீங்க ஓடவே வேணாம் சார். உடம்பு முடியாத ஆசிரியர் வாயால சொல்லிக் குடுத்து, ஒரு பிள்ள செஞ்சு காட்டினா அங்கீகாரம் உண்டு. பெகெலிலிங்ல, அந்தச் சுற்றறிக்கைலயே, ஆறாம் பக்கத்துல இருக்கு. அது வரைக்கும் யாரும் படிக்கிறதில்ல."

"வாயால சொல்லிக் குடுத்தாப் போதுமா?"

"போதும். நாளைக்கே ஒரு பிள்ளைய ஓடவிட்டு வீடியோ எடுத்து அனுப்புங்க. நீங்க செஞ்சதுக்கு ஒரு விளக்கக் கடிதமும் எழுதிக் குடுங்க. பிள்ளைங்களுக்கு ஒண்ணும் ஆவாது."

தனேஸ்வரன் எதிரிலிருந்த நாற்காலியில் விழுந்ததுபோல உட்கார்ந்தார். வீடியோ எடுத்த நாளிலிருந்து முதல்முறையாக மூச்சு அடிவயிறு வரைக்கும் போய் வந்தது. நேற்று துளசி நான்காவது முறை ஓடியதைப் போனில் எடுக்காமல் விட்டுவிட்டோமே என்றுதான் முதலில் தோன்றியது. அப்புறம்தான் மெல்ல ஒரு வருத்தம் எட்டிப் பார்த்தது.

"இத நீங்க போன்லயே சொல்லியிருக்கலாமே சார். எதுக்கு எனக்காக ஒரு வாரம் தள்ளி வெச்சு, இவ்வளவு தூரம் வரச் சொல்லி, என்னைய ஓடிக் காட்டச் சொன்னீங்க?"

மகேந்திரன் திரும்பி, கூடாரத்தின் கீழே தலை குனிந்து உட்கார்ந்திருந்த இருபத்தாறு பேரையும் ஒருமுறை பார்த்தார்.

"மத்த இருபத்தாறு வீடியோவிலயும் அந்த ஆளுதான் சார் தொப்பிய மட்டும் மாத்திப் போட்டுக்கிட்டு கேமராவப் பார்த்துச் சிரிக்கிறாரு, மூஞ்சி தெரியாத ஒரே வீடியோ உங்களோடதுதான், அதனால நம்ம வட்டாரத்துல நீங்க ஒருத்தராச்சும் சொந்தக் கால்ல ஓடியிருப்பீங்கன்னு நம்பிட்டேன்."